‘கால் வீக்கம் இல்லை’: இதயச் செயலிழப்பு நோயாளி ஒருவருக்கு நடந்த இரண்டு வீடியோ ஆலோசனைகள்

இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பிய 67 வயதுப் பெண்மணிக்கு 15 நாள் இடைவெளியில் இரண்டு வீடியோ ஆலோசனைகள் நடந்தன. உடலில் நீர் சேரத் தொடங்கியிருந்தது முதல் ஆலோசனையில் யார் கண்ணிலும் படவில்லை. இரண்டாவது ஆலோசனையிலும் அதே வீடு, அதே கைபேசி, அதே மருத்துவர்தான். ஆனால் நீர் சேர்ந்திருப்பதும் அதற்கான காரணமும் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிட்டன. இடையில் என்ன மாறியது என்பதே இந்தப் பதிவு. நோயாளியையும் மருத்துவமனையையும் அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. நாள் கணக்கு, அவர் வீடு திரும்பிய நாளிலிருந்து தொடங்குகிறது.

பின்னணி

நோயாளிக்கு ஈ.எஃப். அளவு, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம். மூச்சுத்திணறலும் கால் வீக்கமுமாக வந்து எட்டு நாள் உள்நோயாளியாக இருந்தார். வீடு திரும்பிய அன்று மருத்துவமனைத் தராசில் எடை 61.4 கிலோ, ரத்த அழுத்தம் 112/70, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1 மி.கி./டெ.லி., பொட்டாசியம் 4.4 மில்லிமோல்/லிட்டர். எழுதிக் கொடுத்த மருந்துகள்: காலையில் நீர் மாத்திரையான ஃபுரோசமைடு 40 மி.கி., எனலாப்ரில் 5 மி.கி. இரு வேளை, பிசோப்ரோலால் 2.5 மி.கி., ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி., டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. நடையைக் கட்டிப்போட்டது இதயத்தைவிட முழங்கால்தான் என்பது பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் முக்கியம்.

9-ம் நாள் நேரில் வந்து பார்த்தபோது எடை 61.6, நுரையீரல் சுத்தம், கால் வீக்கம் இல்லை, பொட்டாசியம் 4.6. அடுத்த பார்வையை வீடியோவில் வைத்துக்கொள்ள அன்று முடிவானது. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம். கால் மடக்கி வண்டியில் உட்கார்ந்தால் வலி. மகன் ஒவ்வொரு முறையும் வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும். நிலை சீராக இருந்தது. வீட்டில் முள் தராசும் ரத்த அழுத்தக் கருவியும் ஆக்ஸிமீட்டரும் இருந்தன. கூட இருக்க ஆளும் இருந்தார்கள். இந்த முடிவில் தவறில்லை. வீடு திரும்பிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு அதன்பின் வீடியோவுக்கு மாறுவதுதான் சரியான வரிசையும்கூட.

அன்று செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. வீட்டுத் தராசும் மருத்துவமனைத் தராசும் ஒத்துப்போகின்றனவா என்று யாரும் பார்க்கவில்லை.

23-ம் நாள்: முதல் வீடியோ ஆலோசனை

ஒதுக்கிய நேரம் 12 நிமிடம். முன்னேற்பாடு எதுவும் சொல்லப்படவில்லை. இணைப்புக்கான சுட்டி மட்டும் முந்தைய நாள் அனுப்பப்பட்டிருந்தது.

கைபேசியை மகன் கையில் பிடித்திருந்தார். நோயாளி உட்கார்ந்த இடத்துக்குப் பின்னால் ஜன்னல். கேமரா ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டதால் முகம் கருநிழலாகத் தெரிந்தது. ஒலி ஸ்பீக்கரில் போனது. முதல் இரண்டு நிமிடம் “கேட்குதா, தெரியுதா” என்பதிலேயே கழிந்தது.

எப்படி இருக்கிறார் என்று மருத்துவர் கேட்டார். “நல்லா இருக்காங்க டாக்டர், முன்னைக்கு இப்ப பரவாயில்லை” என்றார் மகன். எடை 62. கால் வீக்கம்? “இல்லை டாக்டர்.” மாத்திரை? “எல்லாம் சரியா கொடுக்கிறோம்.” மூச்சு வாங்குகிறதா என்று நோயாளியிடமே கேட்கப்பட்டது. “நடந்தா கொஞ்சம்” என்று அவர் தொடங்கினார். மகனும் அதே நேரத்தில் பேசினார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ரத்தப் பரிசோதனை இன்னும் எடுக்கவில்லை என்பதால் வீட்டருகே உள்ள ஆய்வகத்தில் எடுத்து அனுப்பச் சொல்லப்பட்டது. எந்தத் தேதிக்குள் என்று குறிப்பிடப்படவில்லை.

குறிப்பேட்டில் மருத்துவர் எழுதியது: “சீரான நிலை. எடை 62. கால் வீக்கம் இல்லை. மருந்துகள் ஒழுங்காக எடுக்கிறார். அதே மருந்துகள் தொடரவும். மூன்று வாரத்தில் மீண்டும் வீடியோ.”

இந்தக் குறிப்பில் ‘கால் வீக்கம் இல்லை’ என்ற மூன்று சொற்களை நிறுத்திப் படிக்க வேண்டும். மருத்துவர் காலைப் பார்க்கவில்லை. மகனும் அன்று குனிந்து பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. நேரில் பார்த்த 9-ம் நாள் குறிப்பிலும் இதே மூன்று சொற்கள்தான் இருக்கின்றன. படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஒன்று விரலால் அழுத்திப் பார்த்து எழுதியது, மற்றது கேட்டு எழுதியது என்று பிரித்துக் காட்ட அந்தப் படிவத்தில் இடமே இருக்கவில்லை.

பின்னர் விசாரித்தபோது நோயாளி இரண்டு விஷயம் சொன்னார். அன்று அவர் சொல்ல வந்தது, “நடந்தா கொஞ்சம், ராத்திரி படுத்தாதான் ரொம்ப” என்பது. பாதிதான் போய்ச் சேர்ந்தது. மற்றொன்று, 16-ம் நாளிலிருந்தே முழங்காலுக்கு வலி மாத்திரை சாப்பிட்டு வந்தார். மாத்திரை பற்றிய கேள்விக்கு மகன் பொய் சொல்லவில்லை. இதய மருந்துகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பதில் சொன்னார்.

பேச்சு பாதியில் போனதற்கு இணைப்பும் காரணம். குரல் போய்ச் சேரும் ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலும் பேச்சு இயல்பாக ஓடும், 400-ஐத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. தாமதம் ஏறினால் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கும். நோயாளி மூச்சு வாங்க நிறுத்தும் இடைவெளி ‘சொல்லி முடித்துவிட்டார்’ என்று தோன்றும். போதாக்குறைக்கு, ஸ்பீக்கரில் எதிரொலியை அடக்கும் ஏற்பாடு இருவர் சேர்ந்து பேசினால் மெல்லிய குரலை அமுக்கிவிடும். இதயம் பலவீனமானவரின் குரல்தான் அந்த அறையில் எப்போதும் மெல்லிய குரல்.

24 முதல் 37-ம் நாள் வரை

எடைக் குறிப்பு ஒழுங்காகவே எழுதப்பட்டது. 23-ம் நாள் 62, 27-ம் நாள் 62.5, 31-ம் நாள் 63, 34-ம் நாள் 63.5, 37-ம் நாள் 64. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் கூப்பிட வேண்டும் என்பது குடும்பத்துக்குக் கொடுத்திருந்த விதி. பரவலாக எல்லா இடத்திலும் சொல்லப்படும் விதிதான். இங்கே எந்த மூன்று நாளை எடுத்தாலும் கூடியது அரைக் கிலோ. அதனால் அவர்கள் கூப்பிடவில்லை. விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்த குடும்பம் இது. மெதுவாக ஏறும் எடையைப் பிடிக்கும் வலை அந்த விதியில் இல்லை.

37-ம் நாள் மாலை, வழக்கமான தொடர் அழைப்பில் இதயச் செயலிழப்புச் செவிலியர் தொலைபேசியில் பேசினார். எடைகளை வரிசையாக வாசிக்கச் சொன்னார். வாக்கியத்தின் நடுவில் நோயாளி மூச்சுக்காக நிறுத்துவது கேட்டது.

“எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்க அம்மா?”

“மூணு. முன்னாடி ஒண்ணுதான்.”

நெஞ்சு வலி, மயக்கம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், குழப்பமான பேச்சு ஆகிய ஐந்தையும் செவிலியர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. இருந்திருந்தால் வீடியோவுக்கே இடமில்லை. நேராக அவசரப் பிரிவுதான். அடுத்த நாள் காலை முதல் நேரத்துக்கு வீடியோ ஆலோசனையை முன்னே கொண்டுவந்தார். இரவில் மூச்சு அதிகரித்தால் காத்திருக்காமல் கிளம்பச் சொன்னார்.

38-ம் நாள் காலை: ஏற்பாட்டு அழைப்பு

ஆலோசனைக்கு முன் செவிலியர் மருமகளோடு 15 நிமிடம் வீடியோவில் பேசினார். இந்த வேலைக்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள் மருமகள். மாமியாரின் அன்றாடத் தேவைகளைக் கவனிப்பவர் அவர்தான். செய்த ஏற்பாடுகள் இவை.

கைபேசியைச் சார்ஜரில் மாட்டி, மேசைமேல் கண் உயரத்தில் சாய்த்து நிறுத்தினார்கள். கையில் பிடித்த படம் ஆடும். ஆடும் படத்தில் மூச்சை எண்ண முடியாது. நோயாளி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். சாய்வும் கைப்பிடியும் உள்ள நாற்காலி, காலை நீட்ட ஒரு முக்காலி, பக்கத்தில் நகர்த்தக்கூடிய மேசை விளக்கு. மின்விசிறி, தொலைக்காட்சி நிறுத்தப்பட்டன. மேற்சட்டையின் மேல் பொத்தான்களைத் தளர்த்த வேண்டியிருக்கும் என்பதால் கதவு சாத்தப்பட்டது. அறையில் யார் யார் இருக்கலாம் என்று நோயாளியிடமே கேட்கப்பட்டது.

எடை அன்று காலை, சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன் எடுத்தது: 64. ஐந்து நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, கை இதய உயரத்தில் இருக்க எடுத்த ரத்த அழுத்தம் 144/86. ஒரு நிமிடம் கழித்து 140/84. நாடித்துடிப்பு 92. ஆக்ஸிமீட்டரை விரல் சூடேறும்வரை தேய்த்துவிட்டு மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் காத்திருந்து எடுத்தது 94 சதவீதம்.

கடைசியாகச் செவிலியர் சொன்னது: “வீட்டில இருக்கிற மாத்திரை, மருந்து, தைலம், பொடி எல்லாத்தையும் ஒரு தட்டுல எடுத்து வைங்க. டாக்டர் எழுதினது, நீங்களா வாங்கினது, மத்தவங்களோடது, எதையும் விடாதீங்க.”

38-ம் நாள்: இரண்டாவது வீடியோ ஆலோசனை

பெயர், பிறந்த தேதி, இப்போது இருக்கும் முகவரி, இணைப்பு அறுந்தால் அழைக்க இன்னொரு எண் ஆகியவை முதலில் சரிபார்க்கப்பட்டன. முகவரி சம்பிரதாயத்துக்கு அல்ல. நோயாளி திரையில் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு மருத்துவர் நோயாளியை மட்டும் பேச விட்டார். குடும்பத்தார் கடைசியில் பேசலாம் என்று முன்பே சொல்லியாயிற்று. ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டே அடுத்த கேள்வி கேட்டார். இரண்டு நிமிடத்தில் வந்தவை: மூன்று தலையணை, இரவில் இருமல், செருப்பு இறுக்கம், படியேற முடியாமை. ஐந்தாறு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுத்தார்.

மூச்சு எண்ணிக்கையை முழு 60 நொடி எடுத்தார்கள். நோயாளியைப் பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொன்னால் நெஞ்சும் தோளும் ஏறி இறங்குவது முன்பக்கத்தைவிட நன்றாகத் தெரியும். முதல் முறை 20-வது நொடியில் படம் உறைந்தது. விட்ட இடத்திலிருந்து எண்ணாமல், தொடக்கத்திலிருந்து மீண்டும் எண்ணினார்கள். நொடிக்கு ஐந்தாறு படங்கள் வந்தாலே மூச்சை எண்ணிவிடலாம். கெடுப்பது இப்படி உறைந்து நிற்பதுதான். இதற்குப் பின் ஒலியைச் சாதாரணத் தொலைபேசி அழைப்புக்கு மாற்றிவிட்டு, வீடியோவில் படம் மட்டும் ஓட விட்டார்கள். எண்ணிக்கை 24. ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ண முடிகிறது என்று பார்க்கும் ரோத் சோதனையைச் செய்யவில்லை. ஆக்ஸிமீட்டர் கையில் இருக்கும்போது அதனால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

அடுத்து கால். மருமகள் தரையில் உட்கார்ந்து, பின்பக்கக் கேமராவைக் காலுக்கு நேராக ஒரு சாய்மானத்தில் நிறுத்தினார். “முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில, எலும்பு மேலேயே கட்டை விரலை வெச்சு அழுத்துங்க. நான் பத்து வரைக்கும் எண்ணுறேன்” என்றார் மருத்துவர். விரலை எடுத்ததும் திரையில் ஒன்றும் தெரியவில்லை. கூரை விளக்கின் நேர் வெளிச்சத்தில் கால் வழவழவென்று சமமாக இருந்தது. “பள்ளம் விழுந்திருக்கு டாக்டர், விரல்ல தெரியுது” என்றார் மருமகள். கூரை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கைக் காலுக்குப் பக்கவாட்டில் தரையோடு வைத்தார்கள். “வலிக்குதா அத்தை?” என்று கேட்டுக்கொண்டே அவர் மறுபடி அழுத்தி எடுத்தபோது, கட்டை விரல் அளவுக்குப் பிறை போல் ஒரு நிழல் கணைக்காலில் நின்றது. அது மெல்ல மெல்ல மறைவதை மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தைக் காட்டுவது அதன் நிழல்தான். நிழல் விழப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். விரலை இரண்டங்குலம் இரண்டங்குலமாக மேலே கொண்டுபோய்ப் பார்த்ததில், இரண்டு காலிலும் கணைக்காலின் பாதி வரை வீக்கம் இருந்தது.

கழுத்து நரம்பு, அதாவது அங்குள்ள ரத்தக்குழாய், புடைத்திருக்கிறதா என்று பார்க்கவும் முயன்றார்கள். தலையணைகளை அடுக்கி 45 பாகையில் சாய்த்து, தலையை இடப்பக்கம் திருப்பி, விளக்கைச் சாய்வாக வைத்தார்கள். அவ்வளவு மெல்லிய அசைவைப் படச் சுருக்கம் வழித்துத் துடைத்துவிடுகிறது. மருத்துவர் “தீர்மானிக்க முடியவில்லை” என்று எழுதினார். உதட்டின் நிறத்தைப் பற்றியும் அப்படியே. முகத்தருகே வெள்ளைத் தாள் பிடித்து ஒப்பிட்டும், கைபேசி நிறங்களைத் தானே மாற்றிக்கொள்வதால் நீலம் உண்டா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபடி, செருப்பு வாரை மாட்டுவதுபோல் முன்னால் குனியச் சொன்னார்கள். மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டார். 30 நொடிக்குள் மூச்சு முட்டினால் இதயத்தில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்பதற்கு அது ஒரு குறி. 2014-ல் தனி அறிகுறியாக விவரிக்கப்பட்ட இது, வீடியோவுக்கென்றே அமைந்ததுபோல் எளிமையானது. கேமரா துல்லியம் வேண்டாம், கடிகாரம் போதும். இவருக்கு ஏறக்குறைய 15 நொடியில் நிமிர வேண்டியிருந்தது.

கடைசியில் மாத்திரைத் தட்டு. முன்பக்கக் கேமரா பல கைபேசிகளில் அருகில் உள்ள எழுத்தைத் தெளிவாக்காது. பின்பக்கக் கேமராவை 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, பளபளப்பு அடிக்காதபடி அட்டையைச் சற்றுச் சாய்த்துக் காட்ட வேண்டும். ஐந்து இதய மருந்துகளும் சரியாக இருந்தன. மீதி எண்ணிக்கையும் நாள் கணக்கோடு பொருந்தியது. ஆறாவதாக ஓர் அட்டை, பாதி வெட்டியது, பெயர் இருந்த பக்கம் போய்விட்டிருந்தது. வெட்டிய மற்ற துண்டைத் தேடி எடுத்து, வீடியோவில் காட்டாமல் நிழற்படமாக அனுப்பினார்கள். நிழற்படத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். டைக்ளோஃபெனாக் 50 மி.கி. முழங்கால் வலிக்காக வாங்கியது. இரு வேளை, 22 நாளாக.

எடுத்த முடிவும் காரணமும்

மருத்துவர் முன் இருந்த வழிகள் இரண்டு. டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, ஃபுரோசமைடை இரட்டித்து, ரத்தத்தை அருகிலேயே எடுத்து மறுநாள் முடிவு பார்ப்பது ஒன்று. குடும்பம் விரும்பியதும் அதுவே. அன்றே நேரில் வரவழைப்பது மற்றொன்று. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

மூச்சு 24, படுக்க முடியாமை, கணைக்கால் பாதி வரை வீக்கம் ஆகியவை வீட்டிலிருந்தே சமாளிக்கும் எல்லைக்கு விளிம்பில் இருந்தன. அதைவிடப் பெரிய காரணம் தெரியாத பொட்டாசியம். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயைத் திறந்து வைத்திருக்கும் புரோஸ்டகிளாண்டினை டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் குறைக்கும். வெளியேறும் குழாயை எனலாப்ரில் தளர்த்தும். நீர் மாத்திரை உள்ளே ஓடும் அளவைக் குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தமே விழுந்துவிடும். உப்பும் நீரும் உடலில் தங்கும், பொட்டாசியம் ஏறும். இவரோ பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் சாப்பிடுகிறார். 9-ம் நாளுக்குப் பின் ரத்தம் எடுக்கவே இல்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் வீடியோவில் மருந்தளவை மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

மறுநாள் வரலாமா என்று மகன் கேட்டார். மருத்துவர் காரணத்தை நோயாளியிடமே விளக்கினார்: “அம்மா, வலி மாத்திரை சேர்ந்ததால ரத்தத்தில உப்புச் சத்து ஏறியிருக்கலாம். ஏறினா இதயத் துடிப்பு தடம் மாறும், அது முன்கூட்டி வெளியே தெரியாது. ரத்தம் பார்த்தாதான் தெரியும்.” டைக்ளோஃபெனாக் அப்போதே நிறுத்தப்பட்டது. முடிவு வரும்வரை ஸ்பைரோனோலாக்டோன் வேண்டாம். பயணத்தில் சாய்ந்து படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும், மாத்திரைத் தட்டை அப்படியே எடுத்துவர வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. தொடங்கியதிலிருந்து முடிய 26 நிமிடம்.

பின்னர் நடந்தது

அன்று பிற்பகல் மருத்துவமனைத் தராசில் எடை 65.1. வீட்டுத் தராசு அன்று காலை காட்டியது 64. உடையும் காலை உணவும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். என்றாலும் வீட்டுத் தராசு ஏறக்குறைய ஒரு கிலோ குறைத்துக் காட்டியது என்று கொள்ளலாம். அப்படியானால் 23-ம் நாளின் ‘62’ உண்மையில் 63-ஐ ஒட்டியது. 9-ம் நாள் எடையைவிட ஒன்றரைக் கிலோ அளவுக்குக் கூடுதல். அன்றே நீர் சேர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வெவ்வேறு தராசுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் 400 கிராமாகத் தெரிந்தது.

நுரையீரலின் அடிப்பகுதியில் இருபுறமும் நொறுநொறுப்பு ஒலி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பொட்டாசியம் 5.9, கிரியேட்டினின் 1.7. ஈ.சி.ஜி.யில் பொட்டாசியம் சார்ந்த மாற்றம் இல்லை. ஸ்பைரோனோலாக்டோன் நிறுத்தப்பட்டது, எனலாப்ரில் பாதியாக்கப்பட்டது, பிசோப்ரோலால் தொடர்ந்தது. ஃபுரோசமைடு 80 மி.கி. நரம்பு வழியாகக் கொடுக்கப்பட்டது. முதல் ஆறு மணி நேரமும் சிறுநீர் மணிக்கு 100 மி.லி.க்குக் குறையவில்லை. நான்கு நாளில் எடை 61.2, பொட்டாசியம் 4.7, கிரியேட்டினின் 1.2 என்ற நிலையில் வீடு திரும்பினார். ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்த்த பிறகு ஸ்பைரோனோலாக்டோன் 12.5 மி.கி. அளவில் மீண்டும் தொடங்கப்பட்டது.

முழங்கால் வலியை அப்படியே விட்டிருந்தால் வலி மாத்திரை திரும்பி வந்திருக்கும். பாராசிட்டமால், பிசியோதெரபி, ஊன்றுகோல் மூன்றும் அந்த முறை மருத்துவமனையில் இருந்தபோதே ஏற்பாடு செய்யப்பட்டன. பாராசிட்டமாலில் நீரில் கரைந்து நுரைக்கும் வகை கூடாது என்று தனியாக எழுதிக் கொடுத்தார்கள். அதில் சோடியம் அதிகம்.

அடுத்த மூன்று மாதத்தில் மூன்று வீடியோ ஆலோசனைகளும் இரண்டு நேர்ப் பார்வைகளும் நடந்தன. மீண்டும் மருத்துவமனையில் சேர வேண்டி வரவில்லை.

மீளாய்வில் தெளிவானவை

வீடியோவைக் குற்றம் சொல்லும் கருத்தும் மீளாய்வில் எழுந்தது. நேரில் வரும் நோயாளி கதவிலிருந்து நாற்காலிக்கு நடந்து வரும்போதே பாதிப் பரிசோதனை முடிந்துவிடும். நடை, மூச்சு, வார் அவிழ்ந்த செருப்பு எல்லாம் கேட்காமலே கண்ணில் படும். திரையில் தோளுக்கு மேலே உள்ளது மட்டும்தான் தானாக வரும். மீதியெல்லாம் கேட்டு வாங்க வேண்டியவை. 23-ம் நாள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் முன்னேற்பாடு இல்லாத 12 நிமிடத்தில் வாங்கியிருக்க முடியாது.

37-ம் நாள் மாலையே நேரில் வரச் சொல்லியிருக்கலாம் என்ற கருத்து இன்னும் வலுவானது, சரியானதும்கூட. மூன்று தலையணையும் ஏறிய எடையும் அதற்குப் போதும். இரவுப் பயணத்தைத் தவிர்க்கவே செவிலியர் காலைவரை பொறுத்தார். அந்த இரவு அபாயமில்லாமல் கழிந்ததை அந்த முடிவுக்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாற்றப்பட்டவை

குறிப்பேட்டுப் படிவத்தில் ஒவ்வொரு உடற்குறிக்கும் இப்போது நான்கு கட்டங்கள்: ‘பார்த்தோம், இருக்கிறது’; ‘பார்த்தோம், இல்லை’; ‘சொன்னார்கள்’; ‘பார்க்கவில்லை அல்லது தீர்மானிக்க முடியவில்லை’. மூன்றாவது, நான்காவது கட்டங்களில் கால், மூச்சு எண்ணிக்கை இரண்டில் ஒன்று விழுந்தாலும் ‘சீரான நிலை’ என்று எழுதக்கூடாது. அந்த வாரத்துக்குள் நேரில் அல்லது மறு வீடியோவில் பார்க்க வேண்டும்.

வீடு திரும்பிய மறுநாள் காலை வீட்டுத் தராசு காட்டும் எண்தான் இனி அடிப்படை எடை. மருத்துவமனை எண்ணோடு ஒப்பிடுவதில்லை. தராசைக் கடினமான தரையில், ஒரே இடத்தில் வைக்க வேண்டும். விரிப்பின்மேல் வைத்தால் பிழை காட்டும். எடை விதியில் ஒரு வரி சேர்ந்தது: மூன்று நாளில் 2 கிலோ கூடினாலும், எத்தனை நாளானாலும் அடிப்படையிலிருந்து 2 கிலோ கூடினாலும் கூப்பிட வேண்டும். இரண்டாவது வரி அப்போதே இருந்திருந்தால், வீடு திரும்பிய மறுநாள் வீட்டுத் தராசு 60.5 அளவில் காட்டியிருக்கும் என்று கொண்டால், 27-ம் நாளின் 62.5-லேயே அழைப்பு வந்திருக்கும்.

மாத்திரை ‘ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா’ என்ற கேள்வி நீக்கப்பட்டது. ஒவ்வொரு வீடியோவிலும் தட்டு காட்டப்படும். ரத்தப் பரிசோதனைக்குத் தேதி குறிக்கப்படும். முடிவு வராமல் வீடியோ ஆலோசனை தொடங்காது. நோயாளி பேசி முடித்த பிறகே குடும்பத்தார் பேசுவார்கள் என்பது ஏற்பாட்டு அழைப்பிலேயே சொல்லப்படுகிறது. கைபேசி நோயாளியின் முன் ஓரடி, ஒன்றரை அடிக்குள் நிற்கும்.

ஆலோசனை நேரம் 12 நிமிடத்திலிருந்து 25 ஆனது. மருத்துவரின் நேரம் இப்படி அட்டவணையில் ஏறிவிட்டது. செவிலியரின் 15 நிமிட ஏற்பாட்டு அழைப்பு இன்னும் ஏறவில்லை. வார்டு வேலைகளுக்கு நடுவே அவரே நேரம் பிடித்துச் செய்கிறார். அவர் விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில் நடந்த வீடியோ ஆலோசனைகளின் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது, கால் வீக்கத்துக்கான குறி பெரும்பாலும் ‘சொன்னார்கள்’ கட்டத்திலேயே விழுந்திருந்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பணிப்பட்டியலில் சேர்க்கக் கோரும் விண்ணப்பம் நிர்வாகத்திடம் இருக்கிறது.